தொட்டியில் விட்ட மீன் நாலு நாளாகக் காணோம்: இது ஆரலா, விலாங்கா?

தறிக்காரன் (அம்மாப்பேட்டை) – ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். போன புதன்கிழமை காவிரிக்கரைப் பூலாம்பட்டிப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பரிசல் துறையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். கெண்டை, ஜிலேபிக்கு நடுவில் பாம்புக்குட்டி மாதிரி ஒன்று நெளிந்தது. எடுத்துப் பார்த்தால் மீன். ஒரு சாண் நீளம். மூக்கு நுனி மட்டும் சதையாக நீண்டு, யானைக் கன்றின் துதிக்கை போல இப்படியும் அப்படியும் ஆடுகிறது. பார்த்ததும் மனசு விடவில்லை. காசு வேண்டாம் என்று சொல்லி அவரே பாலிதீன் பையில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மூன்றடித் தொட்டி இருக்கிறது. இரண்டு கோல்டு ஃபிஷ், நாலு மோலி. அடியில் கடையில் வாங்கிய நீலக்கலர் கல். அதில் விட்டேன். கல்லுக்குள் தலையை இடித்து இடித்துப் பார்த்தது, அப்புறம் ஃபில்டர் பக்கம் போனது. அவ்வளவுதான், இன்றோடு நாலு நாள் ஆகிவிட்டது, கண்ணில் படவில்லை. செத்திருந்தால் நாற்றம் வர வேண்டுமே, அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மோலி குட்டி போட்டது. எண்ணினேன், பதின்மூன்று. சனிக்கிழமை காலையில் நாலுதான் இருந்தது.

இது என்ன மீன்? உயிரோடு இருக்குமா?

கண்ணாடித்தொட்டி (கன்னங்குறிச்சி) – ஞாயிறு, இரவு 11.41

தம்பி, பயப்படாதீர்கள். இருக்கும். இந்த வகை மீனைப் பகலில் தேடினால் கிடைக்காது. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, மெதுவாகப் போய்ப் பாருங்கள். கல்லைக் கிளறித் தேட வேண்டாம், மிரண்டால் மூடியை முட்டி வெளியே வந்துவிடும். தொட்டி மூடியில் எங்காவது இடைவெளி இருக்கிறதா? இருந்தால் இப்போதே அடையுங்கள்.

ஐந்துரோடு – திங்கள், காலை 7.05

விலாங்குக் குட்டி அது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்களே, அதுதான். காவிரியில் முன்னெல்லாம் நிறைய உண்டு என்று எங்கள் தாத்தா சொல்வார்.

நீர்வளத்தோழி – திங்கள், காலை 9.30

விலாங்கு இல்லை என்று நினைக்கிறேன். மூக்கு ஆடுகிறது என்று எழுதியிருக்கிறார், அந்த ஒரு அடையாளம் போதும். ஆனாலும் குழப்பம் நியாயமானது, இரண்டும் நீளம், இரண்டும் வழுக்கும், இரண்டுக்கும் வயிற்றுத் துடுப்பு கிடையாது. நான் மீன்வளம் படித்தவள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

விலாங்கு உண்மையான ஈல் இனம். கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போவது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு அதற்கு மேலே ஏறுகிற வழியில் பெரிய சுவர் நிற்கிறது, ஐந்துரோடு நண்பரின் தாத்தா சொன்ன காலம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். விலாங்கின் முதுகைத் தடவினால் வழவழவென்று இருக்கும், முள் கிடையாது.

ஆரல் வேறு குடும்பம். ஈல் மாதிரி தோற்றம்தான், பிறவி வேறு. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடியும். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முழுக்கத் தனித்தனி முட்கள், முப்பதுக்கும் மேல். ஒன்றோடொன்று சவ்வால் சேராமல் ரம்பப் பல் போல வரிசையாக நிற்கும். சாதாரணமாக மடங்கிப் படுத்திருக்கும், அதனால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கைக்குத் தெரியாது. வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் தெரியும்! இறுக்கிப் பிடித்தால் முள்ளை நிமிர்த்திக்கொண்டு பின்பக்கமாகவே உந்தும், அப்போதுதான் கையைக் கிழிக்கும். விஷம் இல்லை.

இனி உங்கள் மீன் எந்த ஆரல் என்று பார்க்கலாம். மூன்று விஷயம் கவனித்துச் சொல்லுங்கள். முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் ஒன்றாக ஒட்டிப் போகிறதா, இல்லை நடுவில் இடைவெளி விட்டு வால் தனியாகத் தெரிகிறதா? முதுகுத் துடுப்பின் ஓரமாக, விளிம்பு கட்டிய கரும்புள்ளிகள், மயில் பீலிக் கண் போல, இருக்கிறதா? பக்கவாட்டில் கோடு நேராக இருக்கிறதா, வளைந்து வளைந்து போகிறதா?

மோலிக் குட்டிகள் விஷயம்: முழுப்பழியையும் ஆரல் மேல் போடாதீர்கள். மோலி தன் குட்டியைத் தானே தின்னும். கோல்டு ஃபிஷ்ஷும் தின்னும். ஆரலும் தின்றிருக்கும்.

தறிக்காரன் – செவ்வாய், அதிகாலை 3.10

அக்கா, பார்த்துவிட்டேன்!

எனக்கு இரண்டாம் ஷிப்ட். வீட்டுக்கு வர ஒரு மணி ஆகும். விளக்கைப் போடாமல், போன் வெளிச்சத்தை மேல் சுவரில் அடித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஃபில்டர் அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. கூர்ந்து பார்த்தால் அது ஒரே மூக்கு இல்லை. நடுவில் ஒரு சின்ன சதைத் துணுக்கு, அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழாய்கள். மூன்றும் தனித்தனியாக அசைகிற மாதிரி இருக்கிறது. கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வந்தது, கண் தெரியாதவர் கைத்தடி ஊன்றி நடப்பது போல. கண் கடுகு மாதிரி சின்னதாக இருக்கிறது. அந்தக் கண்ணின் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது.

நீங்கள் கேட்டதற்கு: முதுகுத் துடுப்பும் வாலும் கீழ்த்துடுப்பும் மூன்றும் ஒட்டி, முனையில் உருண்டையாக முடிகிறது. மயில் கண் புள்ளி இல்லை. உடம்பு மங்கிய காவி, மேல்பக்கம் கறுப்பில் அலை அலையாகக் கோடு, அங்கங்கே சேர்ந்து வலை பின்னினாற்போல.

ஒரு கவலை. வயிற்றுப் பக்கம் இரண்டு இடத்தில் சிராய்ப்பு போல வெளுத்திருக்கிறது.

நீர்வளத்தோழி – செவ்வாய், காலை 8.15

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கக் குழாய்கள் இரண்டும் மூக்குத் துளைகள். மோப்பம்தான் இதற்குக் கண்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கல் ஆரல். மாஸ்டசெம்பெலஸ் ஆர்மேட்டஸ் என்பது அறிவியல் பெயர், 1800இல் லாசெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. ஆர்மேட்டஸ் என்றால் ஆயுதம் தரித்தது, முதுகு முள்ளைப் பார்த்து வைத்த பெயர். வால் தனியாகவும் மயில் கண் புள்ளியோடும் இருந்திருந்தால் அது மேக்ரோக்னேத்தஸ் ஆரல். நம் வாயில் வழங்குகிற சொல்லே 1801இல் அதன் அறிவியல் பெயராக ஏறிவிட்டது. சங்கப் பாட்டில்கூட ஓடுகிற தண்ணீரில் ஆரல் வருமா என்று குருகு காத்து நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அதே மீனை அதே பெயரால் கூப்பிடுகிறோம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சிலிர்ப்பு உண்டு.

வெளிநாட்டில் இதை டயர் டிராக் ஈல் என்று விற்கிறார்கள். அந்த அலைக்கோடு மண்ணில் பதிந்த டயர்த் தடம் போல இருப்பதால். சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் (நம் மேட்டூர் கொளத்தூர் இல்லை) ஃபயர் ஈல், பீக்காக் ஈல் என்று கிடைப்பவை தென்கிழக்காசிய உறவுக்காரர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. உங்களுடையது குட்டி. சிராய்ப்புக்குக் காரணம் அந்த நீலக்கல். கண்ணாடித்தொட்டி அண்ணா அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பரிசல்துறை (பூலாம்பட்டி) – செவ்வாய், மதியம் 2.50

எங்கள் ஊர்ப் பேரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன்பிடிதான்.

கல் ஆரல் பகல் வலையில் வருவது அபூர்வம். தம்பிக்குக் கிடைத்தது முந்தின ராத்திரி போட்ட வலையில் மாட்டியதாக இருக்கும். பாறை இடுக்கில் பகல் முழுக்கப் படுத்திருக்கும். பாறைக்கு அடியில் மணல் இருந்தால் அதற்குள் உடம்பைச் செருகிக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். சின்ன வயதில் நாங்கள் முட்டளவு தண்ணீரில் நின்று அந்த மூக்கைத் தேடுவோம். பயிறு அளவுதான் இருக்கும். பார்த்துவிட்டால் ரொம்ப மெதுவாக இரண்டு கையையும் மணலோடு சேர்த்து அடியில் கொடுத்து அள்ள வேண்டும். மேலிருந்து பிடித்தால் கை நிறைய மணல்தான் மிஞ்சும். அது முன்னால் ஓடாது, பின்னாலேயே நழுவிப் போய்விடும்.

அப்பா ராத்திரித் தூண்டில் போடுவார். மண்புழுவை முழுசாகக் கோத்து, தக்கை இல்லாமல், தூண்டில் தரையில் கிடக்கிற மாதிரி விடுவார். தக்கை கட்டினால் புழு தண்ணீரில் தொங்கும், ஆரல் அதைச் சீந்தாது. தரையோடு தரையாக மோந்துகொண்டு வருகிற மீன் அது. நிலா வெளிச்சம் இருந்தால் அப்பா போகவே மாட்டார். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலு நாள்தான் ஆரலுக்கு என்பார். கடித்தால் வெடுக்கென்று இழுக்காது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். அந்த நேரத்தில் தாமதித்தால் கல்லிடுக்கில் வாலைச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் கயிறுதான் அறும்.

சமைப்பதற்கு அம்மா அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்ப்பார்கள், அப்போதுதான் அந்தக் கொழகொழப்பு போகும். நடு முள் ஒன்றுதான், சதை கெட்டி. புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தால் அடுத்த நாள்தான் ருசி. தொட்டியில் வளர்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், எங்களுக்கு அது சோறு.

இப்போது எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. கதவணை வந்தபின் தண்ணீர் எந்நேரமும் தேங்கி நிற்கிறது. பழைய மணல் திட்டுகள் மேல் சேறு படிந்திருக்கிறது. சேற்றில் ஜிலேபி குடும்பம் நடத்தும். கல் ஆரலுக்குக் கல்லும் மணலும் ஓட்டமும் வேண்டும்.

கண்ணாடித்தொட்டி – செவ்வாய், இரவு 10.05

பரிசல்துறை அண்ணன் கடைசி வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தறிக்காரன் தம்பி, உங்கள் தொட்டியில் இல்லாதது மணல். கடைக்கல் எல்லாம் உடைத்துச் சாயம் ஏற்றிய கல், ஓரம் கூர். ஆரலுக்குச் செதில் இருந்தும் இல்லாத மாதிரி, அவ்வளவு பொடிசு. அது மண்ணுக்குள் போகப் பிறந்த உடம்பு. நீங்கள் கல்லைக் கொடுத்தால் கல்லுக்குள் போகப் பார்க்கும், தோல் உரியும், உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பாதி ஆரல்கள் இப்படித்தான் தொட்டியில் சாகின்றன. நானும் எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மீனை இப்படித்தான் இழந்தேன்.

நாளைக்கே கல்லை எடுத்துவிடுங்கள். மணல் போடுங்கள், குறைந்தது நாலு விரல் உயரம். ஆனால் எம் சாண்ட் போடவே கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். எம் சாண்ட் பாறையை அரைத்த தூள், கண்ணாடிச் சில்லு மாதிரி ஒவ்வொரு துணுக்குக்கும் முனை இருக்கும். விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள், கீறும். ஆற்று மணல் பல காலம் உருண்டு உருண்டு முனை மழுங்கியது.

இப்போது ஆற்று மணலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆற்றில் போய் அள்ளாதீர்கள். பழைய வீடு கட்டியவர்கள் வீட்டில், மாடிப்படிக்கு அடியில், கொல்லையில் ஒரு மூட்டை மிச்சம் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். சிமெண்ட் கலந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற பருமனைத் தள்ளிவிட்டு, கீழே விழுந்ததை வாளியில் போட்டுக் கழுவ வேண்டும். முதல் பத்துத் தண்ணீர் டீ நிறத்தில் வரும். கை ஓயும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள். நம் வீட்டுக் குழாயில் வருவது மேட்டூர்த் தண்ணீர்தானே, மீனுக்குப் பழகிய காவிரிதான். குளோரின்தான் அதற்குப் புதுசு. ஒதுங்க இடமாக ஒரு அடி நீளத்துக்கு பிவிசி பைப் துண்டு இரண்டு போடுங்கள், அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு.

தீனி: காய்ந்த உருண்டைத் தீனியைத் திரும்பிப் பார்க்காது. மண்புழு கொடுங்கள். வாழைமரத்தடியில் ஈரமாக இருக்கிற இடத்தில் கிடைக்கும். மருந்தடித்த தோட்டத்துப் புழு வேண்டாம்.

குகைத்தெரு – புதன், காலை 6.15

மணல் என்ற சொல்லைப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை. எனக்கு எழுபத்தொன்று வயது. இந்த ஊரிலேயே பிறந்தவன்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே போய், நாமக்கல் சீமை தாண்டிக் காவிரியில் சேர்கிறது. இன்றைய பிள்ளைகளிடம் அது ஆறு என்றால் நம்ப மாட்டார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது மழை முடிந்த மார்கழி தையில் அதில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். அடியில் மணல் தெரியும். எங்கள் பெரியம்மா அங்கே ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டு வருவார்கள். தோண்டுகிற குழியில் சில சமயம் ஆரல் வந்துவிடும். அரையடி, முக்கால் அடி. பெரியம்மா பயந்து கத்துவார்கள், நாங்கள் ஓடிப் போய்ப் பிடிப்போம். தண்ணீர் குறைந்த நாளிலும் ஈர மணலுக்குள் அது உயிரோடு இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மேலே மணல் காய்ந்திருக்கும், ஒரு முழம் தோண்டினால் ஈரம், அந்த ஈரத்தில் இது சுருண்டிருக்கும்.

அதற்கு மயில் கண் புள்ளி இருந்ததாக நினைவு. தோழி அம்மா சொன்ன இரண்டாவது ஆரலாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஊர் பெருத்தது, சாக்கடை எல்லாம் ஆற்றுக்குத் திரும்பியது. சாயத் தண்ணீர் வந்தது. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. மணலை லாரியில் அள்ளினார்கள். என்னுடைய வீட்டுச் சுவரிலும் அந்த மணல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கடைசியாக அங்கே ஆரலைப் பார்த்த வருஷம் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. இல்லாமல் போனதை யாரும் அன்றைக்கே கவனிப்பதில்லை.

தம்பி, என் வீட்டுக் கொல்லையில் ஒன்றரை மூட்டை பழைய மணல் இருக்கிறது. 1980இல் வீடு கட்டியபோது மிச்சமானது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்று மணலில் மறுபடியும் ஒரு ஆரல் படுத்திருக்கும் என்றால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

தறிக்காரன் – புதன், காலை 11.30

ஐயா, இன்று மாலை வருகிறேன். தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள்.

ஆனால் நடுவில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. எங்கள் வீட்டில் முன்கூடத்தில் குழித்தறி. அப்பா காலை ஆறு மணிக்குத் தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டார். மிதியில் கால் வைக்கும்போது ஏதோ வழுக்கியிருக்கிறது. எலி என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் ஆரல்!

தொட்டி மூடியில் மோட்டார் வயர் போகிற ஓட்டை இருந்தது. இரண்டு விரல் நுழையும். கண்ணாடித்தொட்டி அண்ணா ஞாயிற்றுக்கிழமையே சொன்னார், நான் செய்யவில்லை. மூன்றரை மணிக்கு நான் படுக்கும்போது தொட்டியில் பார்த்தேன். அதற்குப் பிறகு எப்போதோ ஏறி, கீழே விழுந்து, கூடத்தைத் தாண்டிக் குழிக்குள் போயிருக்கிறது. குழி மண் தரை, எப்போதும் சில்லென்று இருக்கும். உடம்பு முழுக்கப் பஞ்சுத் தூசியும் நூல் துணுக்கும் ஒட்டி, நரைத்த கயிறு போலக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. அப்பா ஈரத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். கையில் முள் ஏறி ரத்தம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, முதலில் தண்ணீரில் விடுடா என்றார்.

வாளியில் விட்டோம். பத்து நிமிஷம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அப்புறம் நிமிர்ந்தது. இப்போது வாளி அடியில் வளைந்து படுத்திருக்கிறது. வயிற்றுச் சிராய்ப்பு பெரிதாகியிருக்கிறது. மீன் கடையில் கேட்டால் ஒரு நீல மருந்தும் ஒரு பச்சை மருந்தும் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

நீர்வளத்தோழி – புதன், காலை 11.42

ஊற்றாதீர்கள். தயவுசெய்து.

ஆரல் வகைக்கு மருந்து ஆகாது. செம்பு கலந்தது, ஃபார்மலின், மாலகைட் கிரீன் என்கிற அந்தப் பச்சை மருந்து எல்லாம் மற்ற மீனுக்குச் சொல்கிற அளவிலேயே இதைக் கொன்றுவிடும். செதில் பொடிசு என்பதால் தோல் வழியாக உள்ளே போய்விடுகிறது. இப்போதைக்கு அதற்கு மருந்து சுத்தமான தண்ணீரும் இருட்டும்தான். வாளியை மூடி (காற்று போக வழி விட்டு), தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். காற்று மோட்டார்க் குழாயைப் போடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். தோலை ஒட்டியிருக்கும் தூசியைத் துடைக்க வேண்டாம், அந்தக் கொழகொழப்புதான் அதன் கவசம், அதுவே தூசியை உரித்துத் தள்ளிவிடும்.

பிழைத்ததற்குக் காரணம் அந்தத் தறிக்குழி. காய்ந்த சிமெண்ட் தரையில் கிடந்திருந்தால் முடிந்திருக்கும். ஆரல் தேவைப்பட்டால் வாயால் காற்றை எடுத்தும் கொஞ்சம் சமாளிக்கும், உடம்பில் ஈரம் இருக்கிறவரை. குகைத்தெரு ஐயா ஊற்றுக்குழியில் பார்த்ததும் இதுதான்.

அப்பாவின் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். விஷம் இல்லைதான், ஆனாலும் மீன் முள் குத்திய இடம் சீழ் பிடிக்கும். வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடிவாரம் (ஏற்காடு ரோடு) – புதன், இரவு 9.20

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டப்படுத்துவதற்கு அதைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டால் என்ன? காவிரி மீன் காவிரிக்கே போகட்டுமே.

பரிசல்துறை – புதன், இரவு 9.55

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தேறியதும் கொண்டு வாருங்கள் தம்பி. கதவணைக்குக் கீழே ஓட்டமும் பாறையுமாக ஒரு இடம் இருக்கிறது, நானே காட்டுகிறேன். ஆற்றுக்குச் சொந்தமானது ஆற்றில் இருக்கட்டும்.

நீர்வளத்தோழி – வியாழன், காலை 8.40

மனசு கேட்கிறது, ஆனால் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. முதல் நாளே திருப்பி விட்டிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இப்போது அது கடையில் வாங்கிய கோல்டு ஃபிஷ், மோலியோடு ஒரே தண்ணீரில் ஒரு வாரம் இருந்திருக்கிறது. கடை மீன்கள் எங்கெங்கிருந்தோ வருகின்றன, கூடவே ஒட்டுண்ணியும் கிருமியும் வரும். இந்த மீனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் அது சுமந்து போய் ஆற்று மீனுக்குக் கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது. தொட்டி பார்த்த மீன் ஆற்றுக்குத் திரும்பக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

பரிசல்துறை – வியாழன், மதியம் 1.15

தோழி, நீங்கள் படித்தவர், மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆற்றில் எவ்வளவு விஷம் தினமும் வந்து விழுகிறது என்று கரையில் இருக்கிற எனக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சாண் மீனை வராதே என்று சொல்லும்போது வலிக்கிறது.

நீர்வளத்தோழி – வியாழன், மதியம் 1.50

வலி எனக்கும் உண்டு அண்ணா. ஏற்கெனவே அவ்வளவு தாங்குகிற ஆறு என்பதால்தான் இன்னொன்றைச் சேர்க்கத் தயங்குகிறேன். உலக அளவில் கல் ஆரல் அழியும் பட்டியலில் இல்லை, பாகிஸ்தானிலிருந்து வியட்நாம், இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பூலாம்பட்டிப் பாறைக்கு அடியில் இருக்கிறதா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. அங்கே மிச்சமிருக்கிற ஆரலுக்காகத்தான் சொல்கிறேன்.

அடிவாரம் – வியாழன், இரவு 8.30

அப்படியானால் நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. எட்டடிக்கு நாலடி, இரண்டரை அடி ஆழம். கிணற்றுத் தண்ணீர், மேலே பாக்கு மர நிழல். மருந்தடிக்காத தோட்டம், புழுவுக்குப் பஞ்சமில்லை. ஆற்றோடு எந்தத் தொடர்பும் கிடையாது, மழை வந்தாலும் வழிந்து ஓடையில் சேராது. மீன் பெரிதானதும் அங்கே விடலாம். மூடிக்குக் கொசுவலை அடித்துத் தருகிறேன்.

கண்ணாடித்தொட்டி – வியாழன், இரவு 8.44

அருமை. அதுவரை மூன்றடித் தொட்டி தாங்கும். கோல்டு ஃபிஷ்ஷை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அது பகல் முழுக்க மணலைக் கொத்திக்கொண்டே இருக்கும், ஆரலுக்குத் தூக்கம் போய்விடும்.

தறிக்காரன் – அடுத்த புதன், அதிகாலை 3.25

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. ஷிப்ட், மணல் கழுவுவது என்று போய்விட்டது. பத்துத் தண்ணீர் என்றார் அண்ணா, எனக்குப் பதினேழு ஆனது. ஐயா வீட்டு மணலில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள் இருந்தன, சுண்டுவிரல் நகம் அளவு. தூக்கி எறியாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

அப்பா கை ஆறிவிட்டது. மீன் வயிற்றில் வெளுப்பு இன்னும் ஒரு பொட்டு அளவுக்கு இருக்கிறது, பூஞ்சை இல்லை. மூடி ஓட்டையில் ஸ்பாஞ்சை நறுக்கித் திணித்து, மேலே ஒரு செங்கல்லும் வைத்தாகிவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி மணல் தொட்டியில் விட்டோம். வாளியைச் சாய்த்ததும் நேராகக் கீழே போனது. மூக்கால் மணலை ஒரு தடவை தொட்டது. தலையைச் சாய்த்து, உடம்பை இரண்டு பக்கமும் சுழற்றி, ஒரு நெளி, இன்னொரு நெளி, அவ்வளவுதான், ஒரு சாண் மீனும் உள்ளே. மேலே மணல் லேசாகப் புகைந்தது. நீலக்கல்லில் எத்தனை தரம் முட்டியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்று டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்துக்கு அது மிரளவில்லை. மண்புழுவை இடுக்கியில் பிடித்து மணல் மேல் வைத்தேன். அப்பாவும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம். புழுவிலிருந்து நாலு விரல் தள்ளி மணல் ஒரு பயிறு அளவு மேடானது. மேடு உடைந்து மூக்கு வந்தது. இடமாக ஆடியது, வலமாக ஆடியது, புழு இருக்கும் பக்கம் நின்றது. அப்புறம் கழுத்து வரை வெளியே நீட்டி, புழுவின் ஒரு முனையைக் கவ்வி, முன்னால் வராமல் அப்படியே பின்னால் போனது. புழு நூல் மாதிரி மணலுக்குள் இறங்கியது. அப்பா, தறியில் நாடா ஓடுகிற மாதிரி இருக்குடா என்றார்.

குகைத்தெரு – அடுத்த புதன், காலை 6.02

படித்தேன் தம்பி. சனிக்கிழமை ராத்திரி வந்தால் பார்க்க முடியுமா? எனக்கு எப்படியும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும்.

தறிக்காரன் – அடுத்த புதன், மதியம் 12.10

வாருங்கள் ஐயா, சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. பதினோரு மணிக்கே வண்டியில் வந்து அழைத்துக்கொள்கிறேன். புழு நீங்களே வையுங்கள்.